ஹரிபிரசாத் பெயரில் ஓர் அனுமதி

சித்தூரில் ஜூன் மாதம் யாருக்கும் மாம்பழம் பிடிக்காது, சார். ஊரே மாம்பழக் கூழ் வாசனை அடிக்கும். எங்கள் கூழ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பழம் வாங்கிப் போனதில்லை. என் மனைவி ஈவ்லினுக்கு இப்போது பழமே ஆகாது, அது வேறு விஷயம்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் திருப்பதிக்குப் பஸ்ஸில் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். கம்பெனியின் மருத்துவக் கார்டைக் காட்டினால்தான் படுக்கை கிடைக்கும். நான் வேலையில் இருக்கும்வரைதான் அந்தக் கார்டு செல்லும். இந்த சீசனோடு நீ நின்றுகொள், உன் வேலையைப் பெங்களூர் ஆபீசிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நாயுடுபேட்டை வரை போய் வேலை கேட்டேன். இந்த வயசில் யார் எடுப்பார்கள்? பயமாக இருந்தது, சார். சோற்றில் கை வைத்தால்கூடப் பயம்தான்.

எங்கள் ஃபேக்டரியில் எல்லாமே ஒரே மென்பொருளில் நடக்கிறது. பழக் கொள்முதல், சம்பளம், ஆபத்தான வேலைக்கு அனுமதி, எல்லாம். அதில் ஓர் ஓட்டை இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். என் பெயரில் உள்ளே போய், திரைக்கு மேலே இருக்கும் முகவரி வரியில் என் எண்ணை அழித்துவிட்டு மேனேஜரின் எண்ணைப் போட்டால், அது என்னை மேனேஜராகவே எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் கேட்காது. மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களுக்குச் சொன்னேன், பதிலே இல்லை. மேனேஜர் ஹரிபிரசாத் சாரிடம் சொன்னேன். சிரித்தார்.

“எர்னஸ்ட்டு, மாந்தோலைத் திருட எவன்யா கம்ப்யூட்டர்ல பூந்து வரப் போறான்? வதிலேய்யி, விட்டுடு.”

நான் விடவில்லை. இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று கம்பெனிக்குப் புரிந்தால் என்னை அனுப்ப மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள், நியாயமாகத்தான் படும்.

ஒவ்வொரு சீசனிலும் ஹரிபிரசாத் சார் ஒரு நாள் திருமலைக்கு நடந்து ஏறுவார். தரிசனத்துக்கு முன்னால் செல்போனைக் கவுண்டரில் கொடுத்துவிட வேண்டும், உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் அவர் பெயரில் ஓர் அனுமதி விழுந்தால், கொடுத்தது அவர் இல்லை என்று யாராயிருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வருஷம் அவர் மலை ஏறிய அன்றைக்கு அவர் செல்லுக்கு அடித்துப் பார்த்தேன். அணைந்திருந்தது.

மூன்று அனுமதிகள் காத்திருந்தன. டியூப்லைட் மாற்ற ஒன்று. கூரைத் தகடு ஒட்ட ஒன்று. கூழ்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவ ஒன்று. கூழ் கெடாமலிருக்கத் தொட்டியில் நைட்ரஜன் விடுவோம். அதை வெளியேற்றி, உள்ளே காற்று இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் மேனேஜர் அனுமதி தருவார். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. டியூப்லைட்டுக்குக் கொடுத்திருக்கலாம்தான். கொடுத்திருந்தால் ஹரிபிரசாத் சார் மறுபடியும் சிரித்திருப்பார். அவர் எண்ணைப் போட்டுத் தொட்டிக்குக் கொடுத்தேன், திரையில் பச்சை வந்தது.

தொட்டி கழுவும் கருப்பன் என் அறை வாசலில் வந்து நின்றான். “சார், செல்லுல டவர் இல்ல. பச்ச வந்துச்சா பாருங்க. காலைலேர்ந்து குந்திக்கினு கீறோம்.”

எங்கள் ஆட்கள் அனுமதியைப் படிக்க மாட்டார்கள். பச்சை வந்தால் இறங்குவார்கள், அவ்வளவுதான். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். பச்சையைப் பார்த்தான். “வர்றேன் சார்” என்றான். தலையாட்டினேன்.

அவன் உள்ளே விழுந்ததும், தூக்கப்போன கூட்டாளி கிரண்குமாரும் விழுந்தான். இரண்டு பேரும் பிழைக்கவில்லை. இரண்டாவது ஆள் இறங்குவான் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்காக உண்மையிலேயே வருத்தப்பட்டேன், சார்.

அப்புறம் எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது. வெளியாள் எவனோ புகுந்துவிட்டான் என்றார்கள். முன்பே சொன்னவன் நான் ஒருவன்தான் என்று தலைமை அலுவலகமே கூப்பிட்டுப் பேசியது. ஓட்டையை அடைத்தார்கள். எனக்கு வேலை நீடித்தது, கார்டும் புதுசாக வந்தது.

கருப்பன் வீட்டுக்கு ஈவ்லின் எங்கள் சபைப் பெண்களோடு துக்கம் கேட்கப் போனாள். அவன் பெண்சாதி செல்லியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வூட்டுக்காரரு மேல தப்பு இல்லம்மா, பச்ச வந்துடுச்சின்னு காட்டி அனுப்புனாரு, பாவம்” என்றாளாம். அந்த ஓட்டையைப் பற்றி வீட்டில் நான் முன்பே புலம்பியிருக்கிறேன். வந்ததும் ஈவ்லின் கேட்டாள். “பச்ச போட்டது நீங்களா?” அவளிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்தான், ஆனால் தொட்டியில் காற்று இல்லாதது தெரியாது என்றேன்.

“ஸ்டேஷன்ல போயி சொல்லுங்க. சொல்லாம நான் பஸ் ஏற மாட்டேன்” என்றாள். இரண்டு தடவை டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் வீங்கி, முகம் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறது. காலைப் பிடித்துக் கெஞ்சினேன், அசையவில்லை. அதனால்தான் வந்தேன்.

காற்றளவு போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது, சார். திரையைத் திருப்புவதற்கு முன்பே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே பெஞ்சில் இருப்பவள்தான் ஈவ்லின். அவளிடம் மட்டும், தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போலீஸ் சொன்னால் நம்புவாள். கம்பெனிக்கு நாளைக்குத் தெரிவித்தால் போதும், சார். இன்றைக்குக் கார்டு செல்லும். திருப்பதி பஸ் இன்னும் எடுக்கவில்லை.