வயிறு குளிர்ந்த பிறகு

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. பத்தொன்பது ஆண்டுகள் மீனை முகர்ந்து சம்பளம் வாங்கியவன் வீட்டில் கோழிதான், வாழைக்காய்தான். தேநீர் போதும், சார்ஜென்ட். சர்க்கரை வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

படகுகள் சூரை மீனை உறைந்த கட்டையாகக் கொண்டுவரும். ஐஸ் இளகியதும் ஒவ்வொரு படகின் சரக்கிலிருந்தும் பதினெட்டு மீன்களை மேசையில் வைப்பார்கள். செவுளைத் தூக்கி முகர்வேன். வயிற்றைக் கீறி முகர்வேன். கெட்டது என்று நான் சொன்னால் நாற்பது டன்னும் உரத்துக்குப் போகும். நல்லதென்று பட்டாலும் ஒரு துண்டு சதை வெட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவேன். கெட்ட சூரையில் ஊறும் விஷம் வேகவைத்தாலும் போகாது. டப்பாவிலும் அப்படியே இருக்கும். அதனால்தான் ஆலையில் முகர்கிறவர்களுக்கு மஞ்சள் தொப்பி. நாங்கள் நான்கு பேர். நான் தலைமை.

முகர்கிறவன் பாக்கு மெல்லக் கூடாது. அது விதி. இந்த லே நகரத்தில் பாக்கு மெல்லாத ஆண் ஒருவனை எனக்குக் காட்டுங்கள். நான் விடுமுறை நாட்களில் மட்டும் மென்றேன். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, முகரும் அறையின் கழுவுதொட்டியில் சிவப்பு எச்சில் கிடந்தது. மேலாளர் அப்ரெனிக்கா எங்களை நிறுத்தி யாருடையது என்று கேட்டார். மூவர் தரையைப் பார்த்தோம். நாசினோம் என்னைப் பார்த்தாள். அவள் என் பெரியப்பா பேத்தி.

"சித்தப்பாவோடதுதான் சார்," என்றாள். பிறகு என்னிடம், "மன்னிச்சிருங்க சித்தப்பா. நேராக் கேட்டா பொய் சொல்ல வரல."

எச்சில் என்னுடையதுதான். ஆனால் விஷயம் அதுவல்ல.

தலைமை அவளுக்குப் போயிற்று. எனக்கு வெள்ளைத் தொப்பி கொடுத்துக் குடல் வரிசையில் நிறுத்தினார்கள். மணிக்கு எட்டு கினாவாக இருந்த கூலி மூன்றரை ஆனது.

குடல் வரிசையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வயிற்றைக் கிழித்து, விரலை விட்டு, ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். வழுக்கினால் அறுந்துவிடும், உள்ளே இருந்ததெல்லாம் மணிக்கட்டில் வழிந்து கையுறைக்குள் இறங்கும். சில்லென்று ஒரு கூழ். இரத்தம் காதுமடலில் காய்ந்து உதிரும். பக்கத்தில் நிற்பவள் அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தேவாலயப் பாட்டுப் பாடுவாள். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் மூக்கு மரத்துவிடும். என்னுடையது மரக்கவில்லை. ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாலைப் பேருந்தில் நான் ஏறியதும் பேச்சு நிற்கும்.

"டிரைவரே, எதோ செத்தது ஏறியிருக்கு. ஜன்னலத் திறங்கப்பா."

"ஜன்னல் பத்தாது. கூரையக் கழட்டு."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டில் என் மனைவி தபிதா வாசலிலேயே மறிப்பாள். "குழாயடியிலயே நில்லுங்க. நேத்து உங்க சட்டைய நாய் நக்கிட்டிருந்துச்சு."

அடுத்த சனிக்கிழமை நாசினோம் என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். ஒருவன் வயிற்றில் கோபச் சூட்டை மூட்டியவர்தான் வந்து அதைக் குளிரவைக்க வேண்டும். கோழி, வாழைத்தார், ஒரு மூட்டை அரிசி. உறவினர் முன்னால் கொடுத்து, கைகுலுக்கி, சேர்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு சூடு இல்லை. வாங்கியவன் பின்னால் ஒருநாள் தன் பங்குக்கு ஏதாவது திருப்பிக் கொடுப்பான். அதோடு முடிந்தது.

"வயிறு குளிர்ந்துச்சா சித்தப்பா?"

"குளிர்ந்துச்சு மகளே."

"சத்தமாச் சொல்லுடா," என்றார் என் மாமன். "கோழிக்கே கேக்கல." எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் பரிமாறிய கையில் எலுமிச்சைச் சோப்பு மணத்தது. ஆலையில் மஞ்சள் தொப்பிகளுக்கு மட்டும் தரும் சோப்பு. கோழிக் கொழுப்பு என் மேலுதட்டில் ஒட்டியது. துடைக்காமல் விழுங்கினேன். அவளுடைய ஏழு வயது மகள் ஜெரோலின் என் மடியில் ஏறினாள். அவளுக்கு மூச்சிரைப்பு. கழுத்தில் கயிறு கட்டி ஒரு நீலக் குழலைத் தொங்கவிட்டிருந்தாள்; மூச்சு முட்டினால் வாயில் வைத்து உறிஞ்சுவாள்.

"தாத்தா, உன் மேல நாத்தம்."

"ஏய், வாய மூடு," என்று நாசினோம் அதட்டினாள்.

"விடு. உன்ன மாதிரிதானே இருப்பா," என்றேன்.

புறப்படும்போது நாசினோம் என்னைத் தனியாக அழைத்து ஒன்று கேட்டாள். பதில் சொன்னேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏப்ரலில் ஒரு மீன் சரியில்லை என்று வரிசையை நிறுத்தினேன். அப்ரெனிக்கா வந்தார். "கெசிங், உன் வேலை குடல் எடுக்கறது. மோப்பம் பிடிக்கறதில்ல," என்றார். அரை நாள் கூலியைப் பிடித்தார். அதைச் சரியான உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் குளிர்சாதனம் கெட்ட ஒரு படகு வந்தது. நாசினோம் மேசையில் ஒரு மீனை இரண்டு முறை முகர்ந்தாள். மூன்றாவது முறையும் முகர்ந்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு குடல் வரிசைக்கு வந்தாள்.

"சித்தப்பா, ஒரு மாதிரி இருக்கே இது. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

செவுளைத் தூக்கினேன். ஈரச் சாக்கும் மிளகும் கலந்த வாடை. குழந்தைக்கும் தெரியும் வாடை.

"பழைய ஐஸ் வாடைம்மா. சோதனைக்கூடம் என்ன சொல்லுதோ அதக் கேளு," என்றேன்.

"அப்பாடா. நான் பயந்துட்டேன்," என்றாள்.

சோதனைக்கூடம் நல்லது என்றது. இங்கே அந்தச் சனிக்கிழமைக் கேள்விக்கு வருகிறேன். சோதனைக்குச் சதையை எந்த இடத்தில் வெட்டுவது என்று கேட்டிருந்தாள். அதுவரை நான்தான் வெட்டி வந்தேன், மற்றவர்கள் கவனித்ததில்லை. "வாலுக்கு மேல வெட்டு. துண்டு சுத்தமா வரும்," என்றேன். அங்கே துண்டு சுத்தமாகத்தான் வரும். அது பொய்யல்ல. விஷம் வயிற்றோரம், தலைப் பக்கம் ஊறத் தொடங்கும். வாலுக்குக் கடைசியில்தான் போய்ச் சேரும். மூன்று மாதமாக அவள் வாலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். சேர்ந்து சாப்பிட்டவன் சொன்னதை யாரும் சரிபார்ப்பதில்லை.

அந்தச் சரக்கின் கருஞ்சதை உள்ளூர் டப்பாக்களில் போயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொழிலாளிக்கு ஆறு டப்பா இலவசம். பெட்டி வந்ததும் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் இருந்த சரக்கு எண்ணைப் படித்தேன். அந்தச் சரக்கில் நான்கு கிடைத்தன. பக்கத்தில் இருந்தவர்களிடம் மாற்றியும் காசுக்கு வாங்கியும் பன்னிரண்டு சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு கட்டுச் சேப்பங்கிழங்கோடு அவற்றை நாசினோம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். திருப்பிக் கொடுக்காதவனை எங்கள் பக்கத்தில் மனிதனாக மதிப்பதில்லை.

"இவ்வளவா சித்தப்பா? உங்களுக்கு?"

"எங்க வீட்டுல யாரு மீன் தின்னறாங்க?"

அவள் அழுதாள். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் ஈரமாக இருந்தது. கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவள் வாயில் வைத்ததும் நாக்கு எரிய வேண்டும்; தான் அனுமதித்த மீன் எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான். குழந்தைக்கு என்ன ஆகும் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். அந்த விஷம் மூச்சிரைப்பு உள்ளவர்களைக் கொல்லக்கூடும் என்று முகரும் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. அதிலுள்ள கையெழுத்து என்னுடையது.

திங்கட்கிழமை மாலை சோற்றோடு சாப்பிட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு முகம் சிவந்து வாந்தி வந்தது. ஜெரோலினின் நீலக் குழலில் மருந்து தீர்ந்துபோயிற்று. செவ்வாய்க்கிழமை விடியும் முன் இறந்தாள். நகரத்தில் இன்னும் முப்பது பேர் படுத்தார்கள். அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

இழவு வீட்டில் நான்கு நாள் உட்கார்ந்தேன். நாசினோம் என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு, "நான்தான் கொன்னேன் சித்தப்பா. நான் நல்லதுன்னு சொன்ன மீன்," என்றாள். "அழாத மகளே," என்றேன். அவள் மூக்கிலிருந்து வழிந்தது என் கால்சட்டையில் பட்டது. வீட்டுக்குப் போய் அதை இரண்டு முறை துவைத்தேன்.

தவறாக வெட்டியது தான்தான் என்று அவள் ஆலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். யார் சொல்லி வெட்டினாள் என்று எழுதவில்லை. அதனால்தான் நானாக உங்களிடம் வந்தேன். அது தவறல்ல, சார்ஜென்ட். மீனின் எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்தவன் செய்த காரியம். அவள் பெயரில் அது பதிவாவது முறையல்ல.

சென்ற வியாழக்கிழமை அப்ரெனிக்கா என்னைக் கூப்பிட்டார். சந்தேகத்துக்குரிய டப்பாக்களைத் திறந்து வரிசையாக வைத்திருந்தார். எண்ணைப் பார்க்காமல் முகர்ந்தே பிரித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் என் தோளைத் தட்டி மஞ்சள் தொப்பியைத் தந்தார். எட்டு கினா. கோபம் இருந்ததா என்று எழுதும் இடத்தில் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். வயிறு குளிர்ந்தது என்று நான் சொன்னதைக் கேட்ட சாட்சிகள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் படகு வருகிறது. அதற்குள் இதை முடித்துவிடுங்கள். நான் போகாவிட்டால், இந்த ஊர் ஜனங்கள் என்ன மீனைத் தின்ன வேண்டிவருமோ தெரியாது.