புறாத்தீவுச் சுறா

மஸாஹிர்: ...இல்லை புள்ள, வல்லாஹி! என்ர முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளித் தான் போச்சுது!

றுக்ஷானா: கத்தாதீங்கோ, ஃபோன் வெடிக்கப் போகுது. என்ன போனது எண்டு சொல்லாம...

மஸாஹிர்: சுறா! உயிரோட சுறா!

றுக்ஷானா: அல்லாஹ்வே! புறாத்தீவில இறங்கின உடனேயோ? நிண்டீங்களோ, ஓடினீங்களோ?

மஸாஹிர்: நிண்டன். அசையாம நிண்டன்.

நிஸார்: நம்பாதை தங்கச்சி! உன்ர மனுசன் ஓடின ஓட்டத்தில தண்ணிக்குள்ள பாக்கப் போட்ட கண்ணாடியும் கழண்டு போச்சு. சுறா தான் பாவம், பயந்து போச்சு!

மஸாஹிர்: டேய் நிஸார், ஃபோனை விடடா!

றுக்ஷானா: ஹா ஹா... நிஸார் நானா, நல்லாச் சொன்னீங்கள். முல்லைத்தீவுச் சந்தையில பதினாலு வருஷமா சுறா வெட்டுற ஆள், சுறாவைக் கண்டு ஓடினாராம்!

மஸாஹிர்: நான் வெட்டுறது செத்த சுறா. அது வாலை ஆட்டுமோ?

றுக்ஷானா: சரி, சரி. நான் எழுதித் தந்த துண்டை எடுங்கோ. முதலாவது... மாடப்புறா?

மஸாஹிர்: கண்டன். கல்லிடுக்கு முழுக்க அதுகள் தான். வெள்ளைக்காரன் இந்தத் தீவைக் குறி வைச்சுப் பீரங்கி சுட்டுப் பழகினவனாம், படகுக்காரர் சொன்னார். பிறகும் இஞ்ச தான் கூடு கட்டுதுகள், பாரேன்.

றுக்ஷானா: இடம்பெயர்ந்து போன நாங்களும் திரும்பி வந்து வீடு கட்டினனாங்கள் தானே. அடுத்தது?

மஸாஹிர்: பவளப்பாறை. அந்தக் கல்லு...

றுக்ஷானா: கல்லில்லை! எத்தினை தரம் சொன்னனான், அது உசிர் எண்டு. மிதிச்சீங்களோ?

மஸாஹிர்: ஐயோ, இல்லை! ஒரு பக்கம் மான் கொம்பு மாதிரிக் கிளை விட்டு நிக்குது. மற்றப் பக்கம் வெள்ளையாச் செத்துக் கிடக்குது... பாக்க மனம் ஒரு மாதிரிப் போச்சு.

றுக்ஷானா: ம்... மீன்?

மஸாஹிர்: மீனோ! புள்ள, கிளிமீன் எண்டா ஒரு மங்கல் பச்சை எண்டு தானே நினைச்சிருந்தன்? இது பச்சைக்குள்ள நீலம், நீலத்துக்குள்ள றோஸ்! ஐஸ் பெட்டியில இந்த நிறமெல்லாம் எங்க போகுது? இவ்வளவு காலம் வித்தும் எனக்குத் தெரியாது. பிறகு ஒரு கலவாய் மீன் வந்துது, தலையே இவ்வளவு பெருசு, ஒரு சொதி வைச்சா...

றுக்ஷானா: துவங்கீட்டார்...

மஸாஹிர்: ...ஹலோ? றுக்ஷானா? எங்க போனனீ?

றுக்ஷானா: இல்லை... சொதி எண்டதும் வயித்தைப் பிரட்டிச்சுது.

மஸாஹிர்: இன்னும் சுகமில்லையோ? பள்ளிக்கூடக் காலத்தில இருந்து நீ கேட்ட தீவு. உனக்காக வெளிக்கிட்ட பயணம். விடிய வாசலில வான் வந்து நிக்கேக்க வரேல்லை எண்டிட்டாய்.

றுக்ஷானா: பக்கத்து வீட்டுப் பாத்தும்மா ராத்தாவோட ஆசுபத்திரிக்குப் போட்டு வந்தனான். பயப்பிட ஒண்டுமில்லையாம்.

மஸாஹிர்: அப்ப வாற ஞாயிறு கூட்டிக்கொண்டு வாறன். நீ பாக்காம நான் மட்டும் பாத்து என்ன?

றுக்ஷானா: ஞாயிறு ஏலாது.

மஸாஹிர்: அடுத்த மாசம்? பிறகு கடல் கொந்தளிச்சா படகு ஓடாது.

றுக்ஷானா: இந்த வருஷமே ஏலாது.

மஸாஹிர்: கோபமோ புள்ள? உன்னை விட்டிட்டு வந்திட்டன் எண்டு...

றுக்ஷானா: நான் தானே கலைச்சு விட்டனான்! சுறாவைச் சொல்லுங்கோ. செட்டை நுனி கறுப்போ?

மஸாஹிர்: ஓம், மை தொட்ட மாதிரி! வயிறு தான் ஊதிக் கிடந்துது. நல்லாத் திண்டிருக்கு எண்டான் நிஸார்.

றுக்ஷானா: திண்டு ஊதினதோ? வெட்டேக்க வயித்துக்க என்ன கண்டனீங்கள், யோசியுங்கோ.

மஸாஹிர்: ...குட்டி. ஓம்... மூண்டு, நாலு கண்டிருக்கிறன்.

றுக்ஷானா: அது தான். இந்தச் சுறா முட்டை இடாது. மாசக்கணக்காச் சுமந்து குட்டி தான் போடும். அதுக்குத் தான் கரையோட சுத்துது போல.

மஸாஹிர்: யா அல்லாஹ்... நான் கழுவி வீசியெல்லோ இருக்கிறன்... முடிஞ்சுது! நாளையில இருந்து என்ர கடையில சுறா இல்லை!

நிஸார்: விசரோ உனக்கு? பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறச் சுறா வறை வேணுமெண்டு முழு ஊரும் உன்னட்டைத் தானே வருகுது!

மஸாஹிர்: வேற ஆளிட்டை வாங்கட்டும்! இந்தக் கையால இனி ஒரு துண்டும் வெட்டன். சத்தியமா...

றுக்ஷானா: பொறுங்கோ, பொறுங்கோ! சத்தியம் பண்ணிப் போடாதீங்கோ!

மஸாஹிர்: ஏன்? உனக்கும் பாவமாத் தானே கிடக்குது?

றுக்ஷானா: பாவம் தான்... ஆனா நாங்க கலியாணம் முடிச்ச இந்த எட்டு வருஷமும் ஊரில பிள்ளை பெத்த எல்லா வீட்டுக்கும் நீங்க தானே சுறா வெட்டிக் குடுத்தனீங்கள்? வாற மாசி மாசம் எனக்கு மட்டும் ஆர் தாறது?