கல்யாண பிளெக்ஸில் ஒரு பழைய பஸ்

கடந்த செவ்வாய், காலை ஒன்பதே முக்கால். காளவாசல் பஸ் நிறுத்தத்தில் எழுமலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். முன்னால் இரண்டு இளைஞர்கள். ஒருவருக்கு வியாழக்கிழமை கல்யாணம். கல்யாண பிளெக்ஸ் பேனரில் போடவிருந்த பழைய படத்தை நண்பரிடம் செல்போனில் காட்டினார். சேற்றில் சிக்கிய பஸ்ஸை ஆட்கள் தள்ளுகிறார்கள். படத்தில் தேதி இல்லை.

“மாப்ள, பின்னாடி தள்ளுறது பொண்ணோட தாத்தா தான?” என்றார் நண்பர்.

“ஆமாடா. முன்னாடி கையக் கட்டி நிக்கிறது எங்க தாத்தா.”

“பஸ் மொதலாளியா?”

“இல்லடா, டிக்கெட் எடுத்து வந்தவருதான். வேட்டி அழுக்காயிரும்னு தள்ள வரல. கீழ ‘ஊருக்கே வழிகாட்டி’னு போடச் சொல்லியிருக்கேன்.”

“வெளங்கிரும். இத மண்டப வாசல்ல பாத்தா, பொண்ணு வீட்டுக்காரங்க பந்தியில ஒக்கார மாட்டாங்க.”

கல்யாண மாப்பிள்ளை உடனே பிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டார். “அண்ணே, தள்ளுற ஆளுகள எடுத்துருங்க.”

“எடுத்துட்டா பஸ் எப்பிடிடா கெளம்பும்?” என்றார் நண்பர்.

மாப்பிள்ளை மறுபடியும் போனில் சொன்னார். “அண்ணே, எடுக்காதீங்க. பின்னாடி தள்ளுற தாத்தா பக்கத்துல என்னையும் ஒட்டிருங்க. வேட்டிய மடிச்சுக் கட்டுன போட்டோ அனுப்புறேன், சேறு மட்டும் நீங்க பூசிருங்க.”