மிளகளவு கரி

மதிப்பிற்குரிய லாரி ஓட்டுநர் அவர்களுக்கு,

என் மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'டஸ்டர்'. முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தேன். ஒரு நாளேனும் கரும்பலகையைத் துடைக்காமல் வகுப்பை விட்டு வெளியேறியதில்லை. ஓய்வு பெற்ற பின்னும் அப்பழக்கம் போகவில்லை. சமையல் மேடையை நாளுக்கு மூன்று முறை துடைப்பேன். செய்தித்தாள்களை விளிம்பு பிசகாமல் அடுக்குவேன். மனைவி மறைந்த பிறகு வீட்டில் துடைக்கும் அளவுக்கு அழுக்குச் சேர்வதில்லை என்பதே என் குறை.

உங்களை நீதிமன்றத்தில் இருமுறை பார்த்தேன். மூன்றாம் வரிசையில், ஊன்றுகோலுடன் இருந்த என் மகனுக்கு அருகில் அமர்ந்திருந்தவன் நான்தான். "முன்னாடி போன கார் பிரேக் லைட்டே எரியாம அப்படியே நின்னுடுச்சுங்க" என்றீர்கள். "கார் என்ன எருமையா, நடுரோட்டுல நெனச்சா படுத்துக்க?" என்று கேட்டார் அரசு வழக்கறிஞர். பலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. நீங்கள் கூறியது உண்மை என்பது எனக்குத் தெரியும். அதனை விளக்கவே இதை எழுதுகிறேன்.

என் மகனுடையது டீசல் கார். அதில் மெக்கானிக்குகள் ஈ.ஜி.ஆர். வால்வு என்று அழைக்கும் சிறு கதவு ஒன்று உண்டு. எரிந்த புகையில் ஒரு பகுதியை அது மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும். நாளடைவில் அதில் கரி படியும். படிந்தால் எஞ்சின் திணறும். எச்சரிக்கை விளக்கு எரியும்.

ஈராண்டுகளுக்கு முன் மகனும் மருமகளும் என்னைப் பார்க்க வந்திருந்தபோது அவ்விளக்கு எரிந்தது. தெருமுனை மெக்கானிக் வால்வையே மாற்ற வேண்டும் என்றார். புதியது வந்துசேர ஒரு வாரமாகும் என்றும் சொன்னார். நானே கழற்றித் துடைப்பதாகக் கூறினேன். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, போல்ட்டுகளை வரிசை மாறாமல் செய்தித்தாளில் அடுக்கி, பழைய பல்துலக்கியால் கரியைச் சுரண்டினேன். மகன் அருகில் குந்தி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான்.

"அப்பா, பத்தாம் நம்பரா, பன்னெண்டா?"

"பத்து. ஆறாங்கிளாஸ்லயும் உனக்கு இதே சந்தேகம்தான்."

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

வாசற்படியில் தேநீருடன் நின்ற மருமகள் விடவில்லை. "விடாதீங்க மாமா. இவரு மார்க் ஷீட்ட இதுவரைக்கும் என் கண்ணுலயே காட்டல."

மூவரும் சிரித்தோம். மனைவி மறைந்து பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அவ்வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மாலைவரை இருந்துவிட்டுப் போனார்கள்.

அதன்பின் மூன்று மாதங்கள் அவர்கள் வரவில்லை. "சாப்பிட்டீங்களாப்பா? சரி, வெச்சிடறேன்" என்பதோடு தொலைபேசி உரையாடல் முடிந்துவிடும். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. நான் அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தேன்.

அடுத்த முறை வந்தபோது, மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று வால்வைக் கழற்றினேன். முன்பு சுரண்டிய கரியை ஒரு கண்ணாடிக் குப்பியில் தேதியிட்டு வைத்திருந்தேன். அதில் சிறிதளவு எடுத்து வால்வின் விளிம்பில் அப்பினேன். பன்னிரண்டாம் நாள் விளக்கு எரிந்தது. ஞாயிறன்று வந்துவிட்டார்கள். இவ்வாறு ஏழு முறை. "இந்த வண்டிக்கு மாமனார் வீட்டு ஏக்கம் வந்துடுச்சு" என்றாள் மருமகள். நல்ல நகைச்சுவை. அதை நானும் பலரிடம் சொல்லி மகிழ்ந்தேன்.

பிறகு அவளுக்கு இடமாற்றம் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்ய வேண்டிய ஊர். ஆண்டுக்கு ஒருமுறை வருவோம் என்றார்கள். புறப்படும் காலையில், "வால்வைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க பாத்தா எனக்கும் நிம்மதிப்பா" என்றான் மகன்.

இம்முறை மிளகளவு இறுகிய கரித்துண்டு ஒன்றை வால்வு முழுமையாக மூடாதவாறு இடையில் செருகினேன். முதற்சந்திப்பில் வேகம் குறையும்போது எஞ்சின் அணைந்துவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புவார்கள். புதிய வால்வு வர ஒரு வாரமாகும். ஒரு வாரம் மட்டுமே நான் விரும்பியது. அவர்கள் தெருவைத் தாண்டியதும் செய்தித்தாளை விரித்து ஸ்பேனர்களை அளவு வரிசையில் வைத்தேன். மூவருக்கு அரிசி களைந்தேன். பிறகு வாயிற்கதவருகே நின்றேன்.

சந்திப்பில் அன்று பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. அவர்கள் நிற்க நேரவில்லை. மேம்பால ஏற்றத்தில்தான் வண்டியை ஓட்டிய மருமகள் முதன்முறையாக வேகத்தை நன்கு குறைத்திருக்க வேண்டும். எஞ்சின் அணைந்தது. ஏற்றத்தில் எஞ்சின் அணைந்த வண்டி பிரேக்கை மிதிக்காமலே வேகம் இழக்கும், பின்விளக்கு எரியாது. பின்னால் உங்கள் லாரி வந்தது. மருமகள் அவ்விடத்திலேயே இறந்தாள். என் கணிப்பு ஏழு கிலோமீட்டர் தவறியது.

நொறுங்கிய காரை அந்தத் தெருமுனை மெக்கானிக்கின் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவர் என் பழைய மாணவர்.

"சார், ஒண்ணு புரியல. வால்வுக்குள்ள கரி. ஆனா கேஸ்கெட் புத்தம் புதுசு. போல்ட்டெல்லாம் பளபளன்னு துடைச்சிருக்கு. இவ்ளோ சுத்தமா மாட்டினவன் உள்ள கரிய விட்டுட்டா போவான்?"

வால்வுக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் அத்தகட்டை ஒவ்வொரு முறையும் நான் புதிதாகவே போட்டேன். பழையதையே வைத்திருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் ஒருமுறை நசுங்கியதை மீண்டும் பொருத்த என் கை இசையாது.

"கரி சீக்கிரம் படிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது மகன் என்னுடன் இருக்கிறான். முன்னறையில் படுக்கை. காலில் தகடு வைத்திருக்கிறார்கள். காலையில் கதவுவரை அவனை நடத்திச் செல்கிறேன், கொடுப்பதை உண்கிறான். அவன் சிரிப்பதில்லை, அதற்குக் காலம் ஆகும். தலையில் அடிபட்டமையால் விபத்து நினைவில்லை என்றுதான் சாட்சி சொன்னான். நேற்று திடீரென்று கேட்டான்.

"அப்பா, அந்த டிரைவர் பொய் சொல்றாருன்னு தோணல. எஞ்சின் ஆஃப் ஆன மாதிரி எனக்கும் லேசா ஞாபகம் வருது. அவ ஏதோ கத்தினா. அடுத்த வாரம் அவரோட அப்பீல் வருதாமே, வக்கீலைப் பாத்துச் சொல்லட்டுமா?"

"அடிபட்ட தலை, ஏதேதோ தோணும்ப்பா. கஞ்சி ஆறுது, குடி."

அவன் குடித்தான். சிறு வயது முதலே நான் சொன்னால் கேட்டுக்கொள்வான்.

உங்களுக்கு இன்னும் நான்காண்டுகள் சிறைவாசம் இருக்கிறது. நீதிமன்ற வாயிலில் உங்கள் மனைவியையும் இரு பெண்களையும் பார்த்தேன். மூவரும் உங்களை ஏற்றிச் சென்ற காவல் வேன் மறையும்வரை கையசைத்தார்கள். உங்களுக்காகக் காத்திருக்க மூவர் உள்ளனர். என் மகனுக்கு என்னையன்றி எவருமில்லை. நான் உங்கள் இடத்திற்கு வந்துவிட்டால் அவனை யார் நடத்திச் செல்வார்கள்? நீங்களும் ஒரு தந்தை. இதனைப் புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன்.

ஆகவே, என் பொருட்டு அன்று, அவன் பொருட்டே, இக்கடிதத்தை விளிம்பு பிசகாமல் மடித்துக் கரிக்குப்பியின் அடியில் வைத்துவிட முடிவு செய்துள்ளேன்.