வார்னிங் அக்காவின் நாற்பத்தேழு குறிப்புகள்

கண்ணுக்கே தெரியாத பிழையையும் கழுத்தைப் பிடித்து இழுத்து வருபவரே! கம்பைலரின் முணுமுணுப்பைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே கருணைக் கடலே! இன்று ஓய்வு பெறும் எங்கள் வார்னிங் அக்கா அவர்களே, வணக்கம்!

மருந்து செலுத்தும் பம்புக்கு நிரல் எழுதும் இந்த அலுவலகத்தில் இருபத்தோரு ஆண்டுகள் பணியாற்றினீர்கள். நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ‘வார்னிங்’ என்று எச்சரிக்கும். சோதனை நிரல்களில் வேண்டுமென்றே தப்பான அளவுகளைக் கொடுத்துப் பார்ப்பதால் அங்கே எச்சரிக்கைகள் கொட்டும். நாங்கள் மொத்தத்துக்கும் வாய்ப்பூட்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். தாங்களோ வேண்டிய ஒரு வரிக்கு மட்டும் பூட்டு, அடுத்த வரியிலேயே திறப்பு, பக்கத்தில் காரணம் சொல்லும் ஒரு குறிப்பு என்று தனியே உட்கார்ந்திருந்தீர்கள்.

“டெஸ்ட் கோடுதானேக்கா, விடுங்க” என்றோம்.

“என்கிட்ட தினமும் பேசுறது இந்தக் கம்பைலர் ஒண்ணுதான். அதையும் வாயை மூடச் சொல்லணுமா?” என்றீர்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். அது வேடிக்கையில்லை என்று புரிய எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

மீதி மருந்தின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருந்தது. அந்த அளவை வைத்திருந்த இடமோ பூஜ்யத்துக்குக் கீழான எண்ணையே ஏற்காது. கீழே இறங்கினால் பிரம்மாண்டமான எண்ணாக மாறிவிடும். ஆகவே சோதனை எந்நாளும் வெற்றி! ‘இது எப்போதும் உண்மை’ என்று கம்பைலர் கத்தியதை நாங்கள் அடக்கியிருந்தோம். வெளியீட்டுக்கு முந்தைய நாள் தாங்கள் அந்தப் பூட்டைத் திறந்தீர்கள். இல்லையென்றால் காலியான பம்பு நிறைந்திருப்பதாகக் காட்டியிருக்கும். வெளியீடு ஒரு மாதம் தள்ளிப்போனது. கைகூப்ப வேண்டிய நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குத் தங்களை அழைப்பதை நிறுத்தினோம். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அழைக்கும் பழக்கம்தான் திரும்பவேயில்லை. வெட்கமாக இருக்கிறது, அக்கா.

சென்ற வாரம் தங்கள் பொறுப்புகளைப் பெற்றுக்கொள்ளும்போது அந்தக் குறிப்புகளை முதன்முறையாக வரிசையாகப் படித்தோம். மொத்தம் நாற்பத்தேழு. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே வரி: “புரியலைன்னா வந்து கேளுங்க. ஜன்னலோரம்தான் இருக்கேன்.” ஒருவரும் வந்ததில்லை. படித்த உடனே புரியும்படி எழுதிவிட்டீர்கள்.

உடல்நலமும் பேச்சுத்துணையும் குறைவின்றித் தங்களோடு நெடுங்காலம் இருக்கட்டும்! இதை வாசித்து முடித்ததும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரத்துக்கு வருகிறோம். நாற்பத்தேழும் நன்றாகவே புரிகிறது. ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்கப்போகிறோம்.

இப்படிக்கு,
இத்தனை ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தும் எட்டிப் பார்க்காதவர்கள்