வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி

– மறுபடியும் அதே தானா?

– அதே தான்க்கா. பாதி வரைக்கும் நல்லா ஓடுது. அப்புறம் 'ரெகவரி ஃபெயில்டு'ன்னு நின்னுடுது.

– நீயெல்லாம் ஒரு லேப்டாப் மெக்கானிக். போர்டு மட்டும் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது.

– ஏன்க்கா வந்ததுல இருந்து எரிஞ்சு விழற? கஸ்டமர் யாராவது உள்ள வந்தா என்ன நினைப்பாங்க?

– நினைக்கட்டும். அக்கா தானேன்னு தானே இப்படி உட்கார வச்சிருக்க? வேற கடைக்குப் போயிருந்தா இந்நேரம் முடிச்சுக் கையில கொடுத்திருப்பான். நான் என்ன பெருசா கேட்டுட்டேன்? இந்த லேப்டாப் வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் கொடுன்னேன். என் பேரு, என் படம், என் ஃபைலு, எதுவும் இதுல இருக்கக் கூடாது. சாயங்காலம் உங்க மாமா வருவார். எடுத்துட்டுப் போய் அவர் தங்கச்சி பொண்ணுகிட்ட கொடுக்கணும்னு குதிச்சுக்கிட்டு இருக்கார்.

– ஒரு நிமிஷம் இரு. சொல்றதைக் கேளு. கம்பெனியில இருந்து வரும்போதே டிஸ்க்குல ஒரு மூலையைத் தனியா ஒதுக்கி, திரும்பப் புதுசாக்க என்னென்ன வேணுமோ அதையெல்லாம் அதுக்குள்ள போட்டு அனுப்புவாங்க. அந்த மூலை இதுல இல்ல.

– இல்லைன்னா? எலி தின்னுடுச்சா?

– நான் தான் விட்டுட்டேன்.

– என்னது?

– போன வருஷம் ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு மாமாகிட்ட கொடுத்து அனுப்பினல்ல? அப்போ டிஸ்க்கை மாத்தினேன். பழைய டிஸ்க்குல இருந்ததை எல்லாம் அப்படியே புதுசுல ஏத்தினேன். புதுசு கொஞ்சம் சின்னது. அந்த மூலையையும் சேர்த்து ஏத்தினா உன் வரைபடத்துக்கெல்லாம் இடம் பத்தாது. இதைப் போய் யாரு திரும்ப முதல்ல இருந்த மாதிரி ஆக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

– யாரைக் கேட்டு விட்ட?

– சொன்னா உனக்கு எங்க புரியப் போகுதுன்னு...

– ஆமாடா, எனக்கு ஒண்ணும் புரியாது. ஒரு வீட்டுல தூண் எங்க வரணும், தண்ணிக் குழாய் எது வழியா போகணும்னு வரையத் தெரியும். இது மட்டும் புரியாது. உங்க மாமாவும் இதையே தான் சொல்றார். குழந்தை பெத்து வீட்ல உட்கார்ந்து எத்தனை வருஷமாச்சு, இப்ப வர்ற பொண்ணுங்க வரையறதே வேற, எதுக்கும்மா மனசைக் கெடுத்துக்கறங்கறார். அதையும் தலையைத் தடவிக்கிட்டே சொல்றார். திட்டிச் சொன்னா கூட தாங்கிக்கலாம்.

– அதுக்காக லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்துடுவியா?

– வேற எதுக்கு வச்சுக்கணும்? இன்டர்வியூன்னு போன் பண்ணிக் கூப்பிடறாங்க, போறேன். வரைஞ்சு காட்டச் சொல்றாங்க, காட்டறேன். முடிவை மெயில்ல சொல்றோம்னு சிரிச்ச முகமா அனுப்பி வைக்கறாங்க. அப்புறம் பேச்சு மூச்சே கிடையாது. தினம் இதைத் திறந்து பார்க்கறதும், மூடிட்டு அடுப்படியில போய்ப் பாத்திரத்தை உருட்டறதும். நேத்து குழந்தை கேக்குது, யாரும்மா உன்னை அடிச்சாங்கன்னு. போதும்டா. அழி.

– ஒரு தடவை போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லக்கா?

– கேக்கலாம்னு தான் இருந்தேன். பிச்சை எடுக்கற மாதிரி ஆயிடும், வேண்டாம்னு மாமா சொல்லிட்டார்.

– நீ வரைஞ்சா எவ்ளோ நல்லா இருக்கும்...

– கதை விடாத. வேலையைப் பாரு.

– சரி, அந்த சாஃப்ட்வேரை நம்பிப் பிரயோஜனம் இல்ல. பென் டிரைவ்ல இருந்து புதுசா ஏத்திடறேன். பழசு மொத்தமும் போயிடும். அதுக்கு முன்னாடி உன் மெயில்ல இருந்து வெளிய வந்துடணும். பாஸ்வேர்டைப் போடு.

– போட்டாச்சு. இதுல மட்டும் இல்ல, வேற எங்கயாவது என் மெயில் திறந்து கிடந்தா எல்லாத்தையும் மூடு. நாளைக்கு அந்தப் பொண்ணு என் மெயிலை நோண்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

– போன்ல இருக்கா?

– இல்ல. குழந்தை எதையாவது அமுக்கிடுதுன்னு எடுத்துட்டேன்.

– அப்போ இது ஒண்ணு தான் காட்டணும். ஒரு நிமிஷம்.

– என்ன?

– ரெண்டு மெஷின் காட்டுது. ரெண்டுக்கும் ஒரே பேரு. அந்த இன்னொண்ணு இன்னைக்குக் காலையில கூட உன் மெயிலைத் திறந்திருக்கு.

– காலையில நான் இதைத் தொடவே இல்லையே. பையில போட்டுக் கதவு பக்கத்துல வச்சிருந்தேன். எவன்டா அது? ஏன்டா மூஞ்சி அப்படிப் போகுது?

– அது பழைய டிஸ்க்கா இருக்கும்க்கா.

– அது எங்க இருக்கு?

– நம்ம கடையில ஒரு பழக்கம். மாத்தின சாமானை நாங்க வச்சுக்கறதில்ல, கஸ்டமர் கையிலயே கொடுத்துடுவோம். அப்புறம் திருடிட்டான்னு ஒரு பேச்சு வரக் கூடாதுல்ல. அன்னைக்கு லேப்டாப்பை வாங்க வந்தது மாமா. அவர்கிட்ட கொடுத்தேன்.

– கொடுத்தா? டிஸ்க் தானா எழுந்து போய் என் மெயிலைப் படிக்குமா?

– அப்புறம் ஒரு நாள் அவர் ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட லேப்டாப் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தார். அந்த டிஸ்க்கை இதுல போட்டுக் கொடுன்னார். குழந்தை ஃபோட்டோ எல்லாம் அதுல இருக்காம். உன் பிறந்தநாளுக்கு ஆல்பம் போடப் போறாராம். அக்காகிட்ட மூச்சு விடாதன்னார்.

– என் பிறந்தநாள் வந்து போயாச்சு. ஆல்பம் எங்க?

– நான் கேக்கலை.

– நீ எப்படிக் கேப்ப? சரி, போட்டு ஆன் பண்ணப்போ என் மெயில் திறந்துச்சா?

– திறந்துச்சு. மூடிடவா மாமான்னேன். இருக்கட்டும், அவளோடது தானேன்னார். மாமாவாச்சேன்னு நானும் விட்டுட்டேன்.

– விட்டுட்டேன், விட்டுட்டேன். வாயைத் திறந்தா இதே தான். நீ விட்டதெல்லாம் என் தலையில தான்டா வந்து விடியுது. ரோட்டுல போற எவனோடதாவது இருந்தா இப்படி விட்டிருப்பியா?

– விட்டிருக்க மாட்டேன்.

– அக்கான்னா அவ்ளோ இளக்காரம்.

– தப்பு தான்க்கா. வேணும்னா நாலு அறை விடு.

– அறைஞ்சா என் கை தான் வலிக்கும். படிச்சா படிச்சுக்கட்டும் போ. அதுல என்ன கொட்டிக் கிடக்கு? வேலை கொடுங்கன்னு நான் கெஞ்சி எழுதினது இருக்கும். உட்கார்ந்து படிச்சு சிரிச்சிருப்பார்.

– ஒரு பதில் கூடவா வரலை?

– எத்தனை தடவை சொல்றது? வரலை.

– இல்லக்கா, நம்ம கடைக்கு ஆள் எடுத்தப்போ நானே, எடுக்காதவங்களுக்கெல்லாம் ரெண்டு வரி எழுதினேன். நேர்ல கூப்பிட்டுப் பேசினவங்க, வேண்டாம்னா வேண்டாம்னாவது எழுதியிருப்பாங்க. எல்லாருமா சொல்லி வச்ச மாதிரி சும்மா இருப்பாங்க?

– என்னடா சொல்ல வர்ற?

– அந்த மெஷின்ல உட்கார்ந்து படிக்க முடியும்னா, நீ பார்க்கறதுக்கு முன்னாடி அழிக்கவும் முடியும்.

– போனைக் கொடு.

– மாமாவுக்கா? இப்ப வேண்டாம்க்கா, இவ்ளோ கோவத்துல...

– அவருக்கு இல்ல. கடைசியா போனேனே, அந்தக் கட்டட கம்பெனிக்கு. நம்பர் இந்தக் கார்டுல இருக்கு பாரு. ஸ்பீக்கர்ல போடு. நீயும் கேளு.

– ரிங் போகுது.

– ஹலோ, வணக்கம். சொல்லுங்க.

– வணக்கம்ங்க. அன்னைக்கு இன்டர்வியூ எடுத்த மேடம் தானே பேசறீங்க? வரைபடம் போடற வேலைக்கு வந்திருந்தேன். மாடிப்படியை வெளிச்சம் விழற பக்கமா திருப்பி வரைஞ்சு காட்டினேனே.

– ஓ, நீங்களா? உங்களை மறக்க முடியுமா? என்ன விஷயம்?

– தொந்தரவு பண்றதா நினைக்காதீங்க. வேலை கேட்டுக் கூப்பிடலை. என் வரைபடத்துல என்ன குறைன்னு மட்டும் சொன்னா போதும். தெரிஞ்சுக்கறேன்.

– என்னங்க, விளையாடறீங்களா? குறை இருந்தா எதுக்கு உங்களுக்கு வேலைக்கு ஆர்டர் அனுப்பறோம்? வேண்டாம்னு எழுதினீங்க. மனசு கேக்காம, சம்பளத்தைக் கூட்டி இன்னொரு தடவை அனுப்பினோம். எனக்கு என் வீட்டுக்காரர் சம்பாதிக்கறதே போதும், இனிமே எழுதாதீங்கன்னு நீங்க தானே பதில் போட்டீங்க?