எட்டு மாசத் தாடி

இல்லண்ணே, கத்திரி போட்டுக் குறைக்கிற கதையெல்லாம் வேணாம். முழுசா வழிச்சுருங்க. கோவம் ஒங்க மேல இல்ல முத்துவீரண்ணே, எங்க பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டெண்ட் மேல.

பன்னெண்டு வருசமா அங்க இங்கிலீஷ் வாத்தியாரு நானு. ஒரு நாள் லேட்டாப் போனதில்ல. இந்தத் தாடி வளந்ததுலருந்து அந்தாளுக்குக் கண்ணு உறுத்துது. பிள்ளைக முன்னால பிச்சைக்காரன் மாதிரி நிக்காதேங்குறாரு. அதுவும் ப்ரேயர்ல, மைக்குல!

விட்ருவேனா? நேரா ரூமுக்குப் போயிட்டேன். சார், நீங்க பீஸ் வாங்கிச் சொல்லிக்குடுக்குற இங்கிலீசுல தாடிக்கு இருந்த மருவாதை தெரியுமான்னேன். அந்தக் காலத்துல பார்லிக் கதிர்ல நீட்டிக்கிட்டு நிக்கிற சுணைக்குப் பேரு பியர்டு, அதான் தாடி. சிப்பிக்குள்ள இழை இழையா இருக்குமே, அதுவும் தாடி. வால் நட்சத்திரத்துக்கே தாடி இருக்குன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். பெரிய ஆளை மூஞ்சிக்கு நேரா எதுத்து நின்னா, அவன் தாடியைப் புடிச்சுட்டான்னு சொல்லுவானாம். நான் இப்ப ஒங்க தாடியைத்தான் புடிச்சிருக்கேன் சார்னேன். அந்தாளுக்கு மீசைகூடக் கெடையாது, அது வேற விசயம்.

சிரிக்காதீகண்ணே, கத்தி ஆடுது.

இன்னொண்ணும் உண்டு. ஒருத்தன் தாடியை இன்னொருத்தன் சரிபண்ணி விட்டான்னா, அவனை நல்லா ஏமாத்திப்புட்டான்னு அர்த்தமாம். ஒங்க தொழிலைச் சொல்லலண்ணே, அவுக ஊரு பேச்சு அப்பிடி.

என்னது, லவ் பெயிலியரா? அட போங்கண்ணே, கல்யாணமாகி ஒம்பது வருசமாச்சு. இப்பத்தான் பாண்டீஸ்வரி மாசமானா. பொண்டாட்டி முழுகாம இருக்கப்ப புருசன் மொகத்துல கத்தி வைக்கக் கூடாதுல்ல? அதைச் சொன்னா மூடநம்பிக்கைங்குறாரு. அவரு கார் முன்னால எலுமிச்சம்பழம் தொங்குது! சாயங்காலமே மெமோ குடுத்துட்டாரு. திங்கக்கிழமை தாடியோட வந்தா கேட்டுக்குள்ள விடமாட்டாகளாம்.

பயந்துக்கிட்டா எடுக்குறேன்? நானா? கிழிச்சு அவரு மேசையிலயே போட்டுட்டு வந்தேன். அந்தாளுக்காக ஒரு முடி எடுக்க மாட்டேன்.

பிள்ளை பொறந்திருச்சுண்ணே. முந்தாநாளு. ஆம்பளப் பிள்ளை. இருங்க, கையெல்லாம் குடுக்காதீக. எட்டு மாசத்துலயே எடுத்துட்டாக. மூணு மணி நேரந்தான் இருந்துச்சு.

ஒம்பது வருசம்ணே! இதுக்கு நான் எவன் தாடியைப் போயிப் புடிக்க?

அவ ஐசியூல கெடக்கா. காலையிலதான் கண்ணு முழிச்சா. பிரஷர் எறங்குற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. பிள்ளை கண்ணாடிப் பெட்டியில இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ என் மொகத்தையே பாக்குறா. பிள்ளைதான் பொறந்திருச்சே, இன்னும் ஏன் தாடியை எடுக்கலைங்குறா.

அஞ்சு மணிக்கு உள்ள விடுவாக. நிறுத்தாதீகண்ணே, வழிங்க. முடிச்சுட்டுக் கொஞ்சம் பவுடரும் போட்டு விடுங்க.